கார் ஏ.சி. வீரணன்

சவரப் பிரஷ்ஷால் சோப்பைக் குழைத்து, காரின் ஏ.சி. குழாய் மூட்டுகளில் நுரையைத் தடவிவிட்டு, வீரணன் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே கேஸ் கசிகிறது. அதுவரை யார் பேசினாலும் அவர் காதில் விழாது. அவருடைய சொந்தக் கன்னம் மட்டும் பிரஷ்ஷைப் பார்த்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். "எனக்கு எங்க லீக்காகப் போகுது" என்பார்.

பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு, மெட்ராஸில் ஒரு கடையில் ஏ.சி. வேலை பழகி, ராஜபாளையம் சங்கரன்கோவில் முக்குக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டவர். அவரிடம் வருவதெல்லாம் மில்காரர்கள் ஓட்டிக் கழித்துக் கைமாறிய பழைய வண்டிகள்தான். வேலை முடிந்ததும் வண்டிக்காரரை உள்ளே உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியே நின்றபடி, "குளிருதா, கொடைக்கானலா?" என்று கேட்பார். தலையாட்டாமல் யாரும் இறங்க முடியாது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் அழகியமணவாளனும் அப்படித் தலையாட்டிவிட்டுத்தான் தன் பழைய கான்டெஸாவை எடுத்துப்போனார். அவர் மனைவி பங்கஜவல்லிக்கு ஆஸ்துமா. மாதாமாதம் மதுரைக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். ரோடு போடும் வேலையால் வழியெல்லாம் புழுதி. கண்ணாடியை இறக்கினால் மூச்சுத் திணறும். மூடியே வைத்திருக்க வேண்டுமென்றால் ஏ.சி. ஓடியாக வேண்டும். அன்று கல்லுப்பட்டி தாண்டியதும் அது அனலாக ஊதியது. வேறு வழியில்லாமல் கண்ணாடியை இறக்கினார்கள். மதுரையில் பங்கஜவல்லியை ஸ்ட்ரெச்சரில்தான் இறக்க முடிந்தது.

வண்டி கொட்டகைக்குத் திரும்பி வந்தது. அழகியமணவாளன் சத்தம் போடவில்லை. "ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் வச்சா. இப்போ தேவலை. அடுத்த மாசமும் போகணும், பாருங்கோ" என்று சாவியைப் பலகையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீரணன் கேஸ் ஏற்றி நுரை தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், அழகியமணவாளன் வண்டியோடு விட்டுப்போன டிரைவர் ஐயாதுரையைக் கூப்பிட்டார். "ஏலே, நின்னா ஒழுகல, ஓடுனா ஒழுகுது. ஆலங்குளத்துக்கு விடு."

சிமெண்ட் லாரிகள் குழி பறித்த ரோட்டில் குலுங்கக் குலுங்க ஓட்டச் சொன்னார். நடுவழியில் நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே பானெட்டுக்குள் தலையை விட்டு நுரை தடவினார். கை சுட்டது. மறுபடி ஓட்டம், மறுபடி நுரை. குவாரித் திருப்பத்தில், குழாய் இரும்புத் தாங்கியில் உரசும் அடிப்பக்கத்தில், கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது. தேய்ந்த இடம் சூடேறிக் குலுங்கினால்தான் வாய் திறந்திருக்கிறது.

வீரணன் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து ஒரு பீடியை முழுக்கக் குடித்தார். "கொட்டகைக்குள்ள நின்னுக்கிட்டுக் குளிருதான்னு கேட்டிருக்கேன் பாரு, மடப்பய" என்றார்.

குழாயை மாற்றி, தாங்கிக்கு ரப்பர் கொடுத்துக் கட்டினார். அடுத்த மாதம் அவர்கள் மதுரைக்குக் கிளம்பும்போது, யாரும் கூப்பிடாமலே, கேஸ் சிலிண்டரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் நின்றார். "நானும் வாரேன் சாமி."

முன் சீட்டில் உட்கார்ந்தவர் பின்னால் திரும்பாமலே சொன்னார். "அம்மா, போன தடவ நீங்க பட்ட பாடு என்னாலதான். சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

"தெரியும்" என்றார் பங்கஜவல்லி. "இந்தத் தடவை பார்த்தேளா?"

"பாத்துட்டேன். ஆனா மதுர போய்ச் சேருத வரைக்கும் சொல்ல மாட்டேன்."

கிருஷ்ணன்கோவில் போனது. அழகாபுரி போனது. காற்று வரும் துவாரத்தை விட்டு வீரணனின் உள்ளங்கை நகரவில்லை. கல்லுப்பட்டிக்கு அப்பால் புழுதி கண்ணாடியை மூடியது. காற்று சில்லென்றே வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் பேச்சு நின்றிருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தார். பங்கஜவல்லி கதவில் சாய்ந்து, சீராக மூச்சுவிட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

முன்னால் ஒரு லாரி வழி விடாமல் ஊர்ந்தது. ஹாரனை நோக்கிப் போன ஐயாதுரையின் கையை வீரணன் பிடித்துக்கொண்டார்.