நதியா அணைக்காமல் விட்ட பெட்டி

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு கடை தள்ளி இருக்கிறது நதியாவின் இ-சேவை மையம். முன்னால் கம்ப்யூட்டர், பிரிண்டர், பின்னால் வீடு. சாதிச் சான்று, பட்டா நகல் என்று மலைக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். ஆடி பிறந்ததிலிருந்து, வந்தவர்களோடு சேர்ந்து திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவளும் சும்மா உட்கார வேண்டியதாகிவிட்டது. இணைப்பு வரும், பாதி விண்ணப்பத்தில் போகும், திரும்ப வரும்.

"இன்னாமா, நான் வந்தாதான் உன் மிஷினுக்குக் காய்ச்சல் வருது" என்று சொல்லிவிட்டு பட்டா நகலுக்கு வந்த வேடியப்பன், அதைப் போளூரிலேயே வாங்கிக்கொள்ள பஸ் ஏறினார். மற்றவர்களும் ஏறத் தொடங்கினார்கள். இந்த மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இணைப்பு கொடுத்த கம்பெனியின் ஆள் சத்தார், வாணியம்பாடிக்காரர். அவள் போன் செய்யும்போதெல்லாம், "மோடம் பொட்டியை அணைச்சுட்டுப் போடும்மா" என்பார். போடுவாள். லைன் வந்துவிடும்.

"எங்க பக்கம் பாத்தா லைன் அடிக்கடி போய்ப் போய் வருது. நீதான் அணைக்கிற போலக்குது."

"நீங்க சொல்லித்தானே பாய் அணைக்கறேன்!"

அவள் ஏமாற்றுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அவர் தட்டிக்கழிக்கிறார் என்று அவளுக்கு.

கடைசியில் ஒருநாள் காலையில் அவரே வண்டியில் மலையேறி வந்தார். அவர் இருந்த நேரம் பார்த்து லைன் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. டீயைக் குடித்துவிட்டு, அவளுடைய கம்ப்யூட்டரில் ஏதோ எண்ணைத் தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். வரிசை வரிசையாகக் கணக்கு. தன் பெட்டிக்குள் இப்படி ஒரு பக்கம் இருப்பதே நதியாவுக்கு அன்றுதான் தெரியும்.

"இது, பொட்டி எவ்ளோ நேரமா ஓடுதுன்றது. கீழ இருக்கிறது, ஓடும்போதே லைன் எத்தினி தபா அறுந்துச்சுன்றது."

முதல் வரியில் காலையில் கடை திறந்த நேரத்திலிருந்துதான் கணக்கு இருந்தது. இரண்டாவதில் பூஜ்யம்.

"ராத்திரி ஓடலையா?"

"கடை மூடும்போது புடுங்கிடுவோம். மேகம் கறுத்தா அம்மாவே புடுங்கிடும். போன வருஷம் இடி உழுந்து வூட்ல டிவி போச்சு பாய்."

சத்தார் தலையில் கைவைத்தார். "அணைச்சா இந்தக் கணக்கு அத்தனையும் அழிஞ்சுபூடும்மா. லைன் போச்சுன்னு மட்டும்தான் எனக்கு அங்க தெரியும். நீ அணைச்சுப் போச்சா, கம்பியில போச்சா, அது இதுக்குத்தான் தெரியும்."

இனி அறுந்தால் பெட்டியில் கை வைக்காமல் இந்தக் கணக்கைப் பார் என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். "நானே இல்ல அணைக்கச் சொல்லிக்கினு இருந்தேன்" என்று முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது.

மறுநாள் மத்தியானம் மேகம் திரண்டது. முதல் இடிக்கே அம்மா சாந்தம்மாள் ஈரக்கையோடு பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"இடி காதுல உழலியாடி? புடுங்கு!"

"இரும்மா."

"பொட்டி எரிஞ்சா உங்க பாய் புதுசு குடுப்பாரா?"

நியாயமான கேள்விதான். நதியா ப்ளக்கை முதுகால் மறைத்து நின்றபடி கணக்குப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். பூஜ்யம். பூஜ்யம். எதிர்க்கடையின் தகரப் பலகையைக் காற்று ஓங்கி அறைந்தது. ஒன்று. காற்று அடங்கியதும் லைன் தானாகவே வந்தது. பலகை மறுபடி அதிர்ந்தபோது இரண்டு.

"காத்தும்மா! காத்து அடிச்சாதான் போவுது."

"காத்தாவது பேயாவது, தள்ளுடி."

எண் ஐந்துக்கு வந்தபோது செல்போனில் திரையைப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு அம்மாவை முந்திக்கொண்டு தானே ப்ளக்கைப் பிடுங்கினாள். சற்றைக்கெல்லாம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து தெருவெல்லாம் கரண்டு போனது.

அவள் அனுப்பிய படம் கிடைத்ததும் சத்தார் கூப்பிட்டார். "பொட்டி அணையவே இல்ல, அஞ்சு தபா அறுந்திருக்குதே! ரோட்டு வளைவாண்ட நம்ம கம்பி புளியமரத்துக்குள்ள பூந்து வருது. கெள உரசுதுன்னு நெனைக்கிறேன். காலைல ஏணியோட வர்றேன்."

"நெசமா வருவீங்களா பாய்?"

"வர்றேம்மா. இனிமே அணைச்சுட்டுப் போடுன்னு சொன்னா என்னைச் செருப்பால அடி."

மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றிருந்த செல்லம்மா, மகளின் சாதிச் சான்றுக்காக வந்தவள், முந்தானையைப் பிழிந்தாள். "உன்னை நம்பி ஆவாது. நாளைக்கு போளூரே போய்ட்டு வர்றேன்."

கிளைதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் நதியா, "போவாதீங்கக்கா. நாளைக்கு மத்தியானம் இங்கியே வாங்க. மொதல்ல உங்களுதுதான்" என்றாள்.