மாடியில் எடுத்த அறுபது தண்டால்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். போன வருஷம் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ராஜபாளையம் டாக்டர் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னார். புற்றுதான் என்று முடிவு வந்தது. கழுத்தோடு நிற்கிறதா, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். கழுத்தோடு நின்றிருந்தால் பயமில்லை என்றார். அதற்குத்தான் மதுரையில் பெட் ஸ்கேன்.

“கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில ஏத்துவாங்கம்மா. எந்தச் செல்லு அதை அதிகமாத் திங்குதோ, அந்த இடம் படத்துல கறுப்பாத் தெரியும். புத்துச் செல்லுக்குப் பசி ஜாஸ்தி” என்று சொல்லி, ஒரு தாளையும் கொடுத்தார்.

அந்தத் தாளை நான் சாப்பாட்டுக்காக மட்டும் படித்தேன். ஆறு மணி நேரம் பட்டினி, இனிப்பு ஆகாது. சரியென்று வீட்டிலிருந்த பால்கோவாவைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். கீழே இன்னும் நாலு வரி இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? ஸ்கேனுக்கு முதல் நாள் சாயங்காலம், “செத்த நேரம் நடந்துட்டு வாரேன்” என்று செண்பகத்தோப்பு ரோட்டுப் பக்கம் போனவர் சட்டையெல்லாம் நனைந்து வந்தார். வெயில்தானே என்று விட்டுவிட்டேன்.

ஸ்கேன் முடிந்து மூன்றாம் நாள், டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். எனக்கு அந்தப் படத்தைப் படிக்கவா தெரியும்? ஆனால் கறுப்பு தெரியும். தொடை கறுப்பு, தோள் கறுப்பு, கை கறுப்பு, நெஞ்சு கறுப்பு. ஐயோ, உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் முகத்தைச் சுளித்தார். “ஐயா, ஸ்கேனுக்கு முன்னாடி உடம்புக்கு வேலை எதுவும் குடுத்தீங்களா?”

இவர் நாற்காலியை விட்டு எழுந்து விறைப்பாக நின்றார். “முத நாள் அஞ்சு கிலோமீட்டர் ஓடுனேன் சார். காலையில மாடியில அறுபது தண்டால்.”

“எதுக்குங்க?”

“மெடிக்கல் டெஸ்ட்டுன்னா ஃபிட்டா இருக்கணும்லா சார்? பட்டாளத்துல வருஷா வருஷம் அப்படித்தான் போவோம்.”

வேலை செய்த சதை சர்க்கரையையெல்லாம் தின்றுவிட்டது, இந்தப் படத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது, மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டில் வைத்தே பிடித்துக்கொண்டேன். “புத்தி இருக்கா உங்களுக்கு? அங்க என்ன கர்னலா உக்காந்திருக்கான், தண்டால் எடுத்துக் காட்ட?”

“ஏட்டி, மெதுவாப் பேசு, ஆளுக பாக்குது.”

“பாக்கட்டும்!”

பத்து நாள் திட்டித் தீர்த்தேன். ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். அம்புட்டுக் கறுப்பும் அவர் உடம்பின் பலம்தானே, வேறு ஒன்றுமில்லையே என்று.

இரண்டாவது படம் வந்தது. தொடை சுத்தம், தோள் சுத்தம், கை சுத்தம். நான் சிரித்தே விட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. பேனா முனையை இடுப்பெலும்பில் வைத்தார். அங்கே மிளகளவுக்கு ஒரு கறுப்பு. வயிற்றுக்குள் இன்னொன்று. போன தடவை சதையே சர்க்கரையை வாங்கிக்கொண்டதில் இவை சரியாகத் தெரியவில்லை என்றார்.

பக்கத்தில் இவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நான் டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தேன்.

“இல்ல சார், தப்பாப் பாக்கீங்க. அவிய அஞ்சு கிலோமீட்டர் ஓடுனாவ சார். அறுபது தண்டால் எடுத்தாவ. நீங்களே கேளுங்க, சார். எடுத்தாவ.”