கல்லறைத் தோட்டத்தில் நீட்டிய சிகரெட்

ஜெபக்குமார் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். இருபத்தாறு வருடம் சிகரெட் பிடித்தவன். முதல் தடவை விட்டபோது ஒன்பதே நாள்தான் தாக்குப்பிடித்தான். அடுத்த தடவை நாலு மாதம் ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூரில், கூட வேலை பார்க்கும் சௌந்தரபாண்டியன் வீட்டுக் கல்யாணத்தில் ஒன்றை வாங்கி இழுத்தான். அதோடு பழைய கதைதான்.

மூன்றாம் தடவை விட்டபோது, கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கமே போகாதே என்றார்கள்.

“அதுக்குப் பயந்து டீயையும் விடணுமாக்கும்?” என்று கேட்டுவிட்டு, புகைக்கு நடுவிலேயே நின்று டீ குடித்தான்.

அப்படி விட்ட பதினோராம் மாதம் அவனுடைய அண்ணன் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடிவிட்டு எல்லாரும் வேப்பமரத்தடியில் ஒதுங்கினார்கள். சௌந்தரபாண்டியன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நீட்டினான்.

“இன்னைக்கு ஒருநா இழுலே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

அந்த வாசனை பட்டதுமே ஜெபக்குமாருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அண்ணனுக்காக அழுதுகொண்டிருக்கும்போதா இப்படி ஊற வேண்டும்? அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

“எங்கண்ணனப் புதைச்ச அன்னைக்கா நான் இதுகிட்ட தோக்கணும்? கொண்டு போலே அங்கிட்டு!”

சௌந்தரபாண்டியன் திடுக்கிட்டு அதைக் கீழே போட்டு நசுக்கினான். “இம்புட்டு மாசமாகியுமா ஆச விடல?”

“விடல. ஆச எத்தன வருசம் வேணாலும் வரட்டும். நான் வாங்க மாட்டேன்.”

கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணியைப் பார்க்க நடந்தான்.