ஓமத் தண்ணியும் பெரிய சட்டியும்

மனைவிக்குச் சலரோகம், சீனி ஆகாது. சாப்பிட்டால் வயிறு ஊதும். கடை ஓமத் தண்ணியில் சீனி. அதனால் நானே வடிக்கத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது சின்னச் செப்புச் சட்டி. மூடியிலிருந்து ஒரு குழாய் சுருண்டு குளிர்தண்ணி வாளிக்குள் இறங்கும். ஓமமும் தண்ணியும் கொதிக்க, ஆவி குளிர்ந்து மறுபக்கம் சொட்டும். அவளுக்குச் சுகமாக இருந்தது. கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

மிச்சத்தில் ஒரு வீட்டுக்குப் போத்தல் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். போத்தல் மிளகாய்த்தூளோடு வந்தது. கழுவி வெறும் போத்தலை நான் நீட்ட முடியுமா? திரும்ப ஓமத் தண்ணி. அது கோப்பித்தூளோடு வந்தது. மற்ற வீடுகளும் சேர்ந்துகொண்டன.

ஒரேயடியாக வடித்தால் மாதம் ஒருதரத்தோடு வேலை முடியும் என்று பெரிய சட்டி எடுப்பித்தேன். சின்னதை நோர்பரியில் இருக்கும் ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்குக் கொடுத்தேன். இனி அந்தப் பிள்ளை தனக்குத் தானே வடிக்கட்டும்.

பெரியது நாலு அடுப்பில் இரண்டை மூடிக்கொண்டது. கொஞ்சமாகப் போட்டால் ஓமம் அடிப்பிடித்து, தண்ணி புகை மணக்கும். நிறைத்துத்தான் வைக்கவேண்டும். நிறைத்து வடித்தேன் என்று தெரிந்தால் ஆட்கள் படியேறி வருவார்கள்.

“என்ன அண்ணை, கசிப்புச் சாராயமோ?”

“ஓமம்.”

“கசிப்பெண்டால் பெரிய போத்தலாக் கொண்டு வந்திருப்பன்.”

மனைவிக்கென்று எடுத்து வைத்ததும் வாசலில் நின்றவருக்குப் போனது. அவள் வயிறு பழையபடி ஊதியது.

“ஊருக்கெல்லாம் ஊத்திறியள். எனக்கு வெந்நீர்தானோ?”

நோர்பரிக்குப் போன் எடுத்தேன். சின்னதைக் கொஞ்சம் கொண்டு வா பிள்ளை, இவளுக்கு மட்டும் வடிக்க என்றேன்.

ஞாயிறு காலை வந்தாள். சட்டி பாரமாக இருந்தது. திறந்தேன். விளிம்புவரை ஓமம்.

“வெறுஞ்சட்டியாத் தரக்கூடாது எல்லே, அண்ணை.”

கையில் ஒரு பையும் இருந்தது. உள்ளே வெறும் போத்தல்கள் கலகலத்தன.

“எனக்கு இந்தச் சுருள் வேலை சரிவராது. பக்கத்து வீட்டுச் சனமும் கேக்குதுகள். அவசரமில்லை, ஆறுதலா வடியுங்கோ.”

“ஓம்” என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் போனதும் சின்னதை மூன்றாவது அடுப்பில் வைத்தேன். முதலில் வடிந்ததை மனைவியின் கோப்பையில் பிடித்தேன். அவள் நின்றபடியே குடித்தாள். பெரியதைப் பார்த்தாள். சின்னதைப் பார்த்தாள். நாலாவது அடுப்பு முந்தியே பழுது.

“இஞ்சருங்கோ, சோத்தை எங்கை வைக்கிறது?”