மாற்றித் தர முடியாத லென்ஸ்

கண்புரை ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் எந்த லென்ஸ் எப்படி என்று ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை; தி.நகரில் புடவை எடுத்துப்போடுகிற வேலை மாதிரிதான், ஆனால் பிடிக்கவில்லை என்று மறுநாள் வந்து மாற்றிக்கொள்ள முடியாது.

மயிலாப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்து முடித்ததும் என் மேஜைக்கு அனுப்புவார். சாதா லென்ஸ் என்றால் தூரம் பளிச்சென்று தெரியும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் என்றால் பெரும்பாலும் எதற்குமே கண்ணாடி வேண்டாம், ஆனால் சிலருக்கு இருட்டில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நடுவே இன்னொரு ரகமும் உண்டு. இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, கட்டுப் பிரிக்கிற வரை சொன்னது சரிதானா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அடுத்தவருக்கு யோசனை சொல்லிவிட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வெறும் ஃபிரேம்

மாடவீதி மாமா ஒருவர், கண்ணாடியே கூடாது என்று பிடிவாதமாக மல்டிஃபோகல் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அவர் மூக்கின் மேல் கண்ணாடி. பார்வை வரவில்லையா, வளையம் தெரிகிறதா, தலை வலிக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் நிதானமாகக் கழற்றி, ஃபிரேமுக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"பார்வையெல்லாம் பிரமாதமா இருக்கும்மா. வெறும் மூஞ்சியோட இருந்தா, உடம்பு சரியில்லையான்னு ஆத்துல கேட்டுண்டே இருக்கா, அதான்."

பதில் சொல்ல வந்த மகள்

நோயாளியைக் கேட்டால் கூட வந்தவர் பதில் சொல்வது நம் ஊர் வழக்கம். ஆட்டோ ஓட்டுநர் கோதண்டம் வாயே திறக்கவில்லை. கிண்டியில் வேலை பார்க்கும் அவர் மகள் ரேவதிதான் பேசினாள். அப்பா வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார், வீட்டோடுதான் இருக்கிறார், மல்டிஃபோகலே வைத்துவிடுங்கள் என்றாள். வண்டி ஓட்டாதவருக்கு வளையத்தால் பெரிய தொந்தரவில்லை என்று நானும் தலையாட்டினேன். ஃபோன் வந்து அவள் வெளியே போனதும் கோதண்டம் மேஜையின் பக்கம் குனிந்தார்.

"சாயங்காலமா அடையாறு பக்கம் ஓட்டிக்கினுதாம்மா கீறேன். பாப்பாவுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துடும், சொல்லிடாத."

கட்டுப் பிரித்த காலை

டாக்டரிடம் ஓடினேன். அவர் கோதண்டத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எதிரே வரும் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தால் ஓட்டுவது ஆபத்து என்றதும், சாதா லென்ஸே போதும் என்று கோதண்டமே சொல்லிவிட்டார். ரேவதியிடம் அப்பாவின் விருப்பம் என்று மட்டும் சொன்னோம். அவள் டாக்டரை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் கோதண்டம் எதிர்ச் சுவரில் இருந்த கடைசி வரி எழுத்து வரை படித்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். ரேவதி சிரிக்கவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். விலை உயர்ந்த மல்டிஃபோகலை ஏன் வைக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறாள் என நினைத்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அவரு இன்னும் ஓட்டுறாருன்னு எனக்குத் தெரியும் மேடம். போன மாசம் லாரி அடியில போகப் பார்த்தாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, அந்த வளையம் தெரிஞ்சாலாவது பயந்து விட்டுடுவாருன்னுதான் அதைக் கேட்டேன்."

எல்லா ரக லென்ஸுக்கும் நல்லது கெட்டது எனக்கு மனப்பாடம், கூட வருகிறவர்களின் பாசத்தைப் பற்றித்தான் யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை.