வேலிக்கு மேலால் போன தண்ணீர்

வாழை இலையின் கரை கருகத் தொடங்கியதை முதலில் கண்டது நான்தான். எங்கள் டேட்டா சென்ரரின் பின்வேலிக்கு அங்கால் அம்பலவாணர் அண்ணையின் கதலித் தோட்டம். ஒரு காலை மீற்றர் பார்க்கப் போனபோது, வேலியோரத்து முதல் வரிசையில் இலைகளின் ஓரம் சுருட்டு நெருப்புப் பட்டதுபோல் கபிலமாக இருந்தது. காரணம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை.

கூலிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சில்லர், பம்ப், வால்வு பற்றி அவர்களுக்குப் படிப்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆள் இருக்குமோ தெரியாது.

1. அங்கே

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐஸ் கொம்பனி ஒன்றில் கொம்பிரசர் துடைக்கப் போய், அங்கிருந்து கட்டாருக்குப் போனேன். அங்கே பெரிய கொம்பனி ஒன்றின் டேட்டா சென்ரரில் பதினொரு வருடம், தண்ணீரைக் குளிராக்குகிற சில்லர் மெஷின்கள் இருக்கிற அறையில் நின்றேன்.

இன்ரநெற் ஆகாயத்தில் இருக்கிறதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது கொம்பியூட்டர்கள் அடுக்கி, வரிசை வரிசையாகச் சூடாகிற இரும்பு அலுமாரிகள். அலுமாரியின் முன்பக்கத்தால் குளிர்காற்று போகும், பின்பக்கத்தால் வெக்கை வரும். இரண்டும் கலந்தால் பாடுபட்டதெல்லாம் வீண். அதனால் வரிசைகளுக்கு இடையில் கதவு போட்டு மறிப்பார்கள். கரண்ட் இரண்டு பக்கத்தால் வரும். இரண்டும் நின்றால் ஜெனரேற்றர் இழுத்துப் பிடிக்கும்வரை ஒரு அறை நிறைய இருக்கிற பற்றரிகள் தாங்கும். நாலு சில்லர் தேவையென்றால் ஐந்து வைப்பார்கள். எல்லாவற்றிலும் ஒன்று கூட. மனிசர் மட்டும் எப்போதும் ஒன்று குறைவு.

அலுமாரிச் சூட்டைத் தண்ணீர் ஏந்திக்கொண்டு மேலே கூலிங் ரவர் என்கிற குளிர்கோபுரத்துக்குப் போகும். ரவரில் தண்ணீர் மழைபோல விழ, பெரிய விசிறி காற்றை இழுக்கும். ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கொண்டு போய்விடும். போகிற தண்ணீர் திரும்பி வராது. அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் மட்டும் ரவரிலேயே தங்கி வரவரத் தடிக்கும். கூடித் தடித்தால் பைப் அடைபடும். ஆகவே ஒரு அளவுக்கு மேல் போனதும் வால்வைத் திறந்து அந்தத் தடித்த தண்ணீரை வெளியே விட்டு, புதுத் தண்ணீர் எடுக்க வேண்டும். இதை புளோடவுன் என்போம்.

கட்டாரில் வேலிக்கு அங்கால் மணல். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் அது வசதி. நான் ஆட்களோடு கதைக்கத் தெரியாதவன். மெஷினோடு நிற்கிறது சுகம்.

2. இங்கே

ஊருக்கு வந்தபின் நீர்வேலிப் பக்கம் ஒரு கொழும்புக் கொம்பனி சின்னதாக டேட்டா சென்ரர் கட்டியது. கட்டாரில் இருந்ததோடு பார்த்தால் கோழிக்கூடு. ஆனால் முறை ஒன்றுதான். இரண்டு சில்லர், இரண்டு ரவர், ஒரு குழாய்க்கிணறு.

பொறுப்பாக இருந்தவர் நிரோஜா மிஸ். மானிப்பாய்ப் பிள்ளை, கொழும்பில் படித்தவர். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு சீமெந்துத் தொட்டியைக் காட்டினார். புளோடவுன் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் விழ வேண்டும், பவுசர் என்கிற தண்ணீர் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஒரு சொட்டும் நிலத்தில் விடக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன்.

எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் இங்கே கட்டாரைவிடக் கூடத் தடவை வால்வைத் திறக்க வேண்டியிருந்தது. தொட்டி கெதியில் நிறையும். பவுசரோ சொன்ன நாளுக்கு வராது.

அது நல்ல கோடை. அம்பலவாணர் அண்ணைக்கு அறுபது வயதிருக்கும், இருநூறு வாழை. கிணறு இறங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்தவர் மூன்று நாளைக்கு ஒருக்கால் இறைக்கத் தொடங்கினார். எங்கள் தொட்டி விளிம்பு வரை நிற்பதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உந்தத் தண்ணியை என்ன செய்யிறியள்?”

பவுசர் வந்து ஏற்றும் என்றேன்.

“ஏத்தி?”

எங்கேயோ கொண்டுபோய் ஊற்றுவார்கள் என்றேன்.

“இஞ்சை வாழை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது. நீங்கள் தண்ணியை லொறியிலை ஏத்தி ஊர்வலம் விடுறியள்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மிஸ்ஸிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதைக் கொண்டுபோய் அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாது. மற்ற நாளும் கேட்டார். அதற்கு மற்ற நாளும் கேட்டார். கோடையில் கண் முன்னால் நிற்கிற தண்ணீரைத் தரமாட்டேன் என்று அயலவனுக்குச் சொல்வது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை.

நாலாம் நாள் அவர் ஹோஸ் பைப்பை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு நின்றார். பிறகு இந்தப் பக்கம் வந்து தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். தோட்டக்காரர் தண்ணீரைப் பார்க்கிற விதம் அது. நான் மறிக்கவில்லை.

“கொஞ்சம் உவர்தான். எங்கடை கிணறும் ஆவணியிலை உப்பிடித்தான். வாழை தாங்கும்.”

என் பொக்கற்றுக்குள் உப்பு அளக்கிற மீற்றர் இருந்தது. கிணற்றுத் தண்ணீரைவிட மூன்று மடங்கு உப்பு என்று அது காலையில்தான் காட்டியது. பைப் அடைக்காமல் போடுகிற மருந்தும் அதற்குள் இருந்தது. நாக்குக்கு அதெல்லாம் தெரியாது. நான் ஓம் அண்ணை என்று சொல்லி பம்ப்பைப் போட்டேன்.

பின்னேரம் ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்து தந்தார். வாங்கினேன். தின்றேன்.

3. பதினொரு நாள்

ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், அப்படிப் போனது. பவுசரை நான் கேட்கவில்லை, மிஸ்ஸும் தொட்டி நிறையவில்லை என்று சந்தோசப்பட்டார். பிறகுதான் இலை கருகியது.

முதலில் முதல் வரிசை. பிறகு இரண்டாவது, மூன்றாவது. அண்ணை வாழைக்கு ஏதோ நோய், வருத்தம் என்று நினைத்தார். ஒரு மருந்து அடித்தார், கேட்கவில்லை. இன்னும் கூடத் தண்ணீர் விட்டால் தேறும் என்று ஹோஸைக் கூட நேரம் போடச் சொன்னார். பம்ப் பழுது என்று பொய் சொல்லித் தண்ணீர் விடுகிறதை மட்டும் நிற்பாட்டினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்வோம் என்று போய், இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். உடம்பு அலுப்புக்கு நித்திரை கொள்ளலாம். இந்த அலுப்புக்கு நித்திரை உதவாது.

பதினோராம் நாள் காலை அவர் சைக்கிள் கரியரில் பசளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மண்ணில் பொட்டாஷ் போதாது என்று கடையில் சொன்னார்களாம். பசளையும் ஒரு உப்புத்தான். உப்புக் குடித்து நிற்கிற வேருக்கு அதைப் போட்டால் மிஞ்சின வரிசைகளும் போய்விடும். அவர் மூட்டையின் வாயை அவிழ்க்கும்போது நான் வேலியோரம் போய் நின்றேன்.

“அண்ணை, அதைப் போடாதையுங்கோ. வாழைக்கு வருத்தமில்லை. நாங்கள் விட்ட தண்ணிதான்.”

அவர் குனிந்தபடியே கேட்டார்.

“எப்ப தெரியும் உமக்கு?”

அதுவரை என்னைத் தம்பி என்றவர், நீர், உமக்கு என்று தள்ளி வைத்துச் சொன்னவரில்லை.

“தண்ணி விடேக்கையே தெரியும்.”

“நான் வாயிலை வைச்சுப் பார்க்கேக்கை நீர் பக்கத்திலை நிண்டனீர்.”

“ஓம்.”

அவர் மூட்டையைத் திரும்பக் கட்டினார். ஹோஸ் பைப்பைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

நான் நேரே மிஸ்ஸிடம் போனேன். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு வருடம் கட்டாரில் கதைத்ததைவிட அன்று கூடக் கதைத்திருப்பேன்.

“ஏன் அண்ணை என்னட்டைக் கேக்கேல்லை?”

“கேட்டா வேண்டாம் எண்டு சொல்லுவியள் எண்டு தெரியும் மிஸ்.”

“அப்ப பதில் உங்களுக்குத் தெரியும். அவருக்குச் சொல்லுறதுக்குத்தான் ஆள் இல்லாமல் போச்சுது.”

வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. கொழும்புக்கு எழுதினார், எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது சரிதான். பவுசரை வைத்து வேறு இடத்திலிருந்து நல்ல தண்ணீர் எடுத்து, மண்ணிலிருந்த உப்புக் கழுவிப் போகும்வரை அண்ணையின் தோட்டத்துக்கு விட்டோம். பாத்தி பாத்தியாக நானே நின்று விட்டேன். அவரும் நின்றார். பாத்திகளை வெட்டித் திறந்தது அவர்தான். வேலிப்பக்கத்து மூன்று வரிசையும் செத்துப்போயின. மற்றவை குருத்து விட்டன.

4. செம்பு

அதற்குப் பிறகு வந்த தை மாதம். நான் ரவரில் மீற்றர் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அங்கால் அம்பலவாணர் அண்ணை ஒரு செம்போடு நின்றார்.

“இது என்ரை கிணத்துத் தண்ணி. உந்த மெசினுக்குள்ளை வைச்சுப் பாரும். என்ரை நாக்கை இனி நான் நம்பேல்லை.”

வாங்கி வைத்தேன். மழைக்குப் பிறகும் எண் நான் நினைத்ததைவிடக் கூடத்தான் நின்றது. எங்கள் குழாய்க்கிணறு இருப்பது அவருடைய கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது. நாங்கள் மேலால் அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். தொட்டித் தண்ணீரை விட்டதாலும் இருக்கலாம், இழுத்ததாலும் இருக்கலாம். ஒருமுறை பார்த்துத் தீர்மானிக்க ஏலாது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நின்று பதிலைத் தள்ளிப்போட எனக்கு விருப்பமாகத்தான் இருந்தது.

“கூடத்தான் இருக்கு அண்ணை. இறைக்கலாம். ஆனால் நல்லாயில்லை. எங்களாலையாயும் இருக்கலாம்.”

அவர் செம்பை வாங்கி மிச்சத் தண்ணீரை வேலியடியில், வாழை செத்த இடத்தில் ஊற்றினார்.

“அடுத்த மாதமும் கொண்டு வாறன் தம்பி. இருக்கிறதைச் சொன்னாப் போதும்.”

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கொண்டு வருகிறார். ரவர் கணக்கு எழுதுகிற கொப்பியில் எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய கிணற்று எண்ணையும் எழுதுகிறேன். அது ஏறின மாதத்தில் நான் மிஸ்ஸிடம் போய், இழுக்கிறதைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் குறையச் செலவாகட்டும் என்று அலுமாரி அறையின் சூட்டை இரண்டு பாகை கூட விட்டுப் பார்த்தோம். அலுமாரிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கொழும்பு கோபப்பட்டது. மிஸ்ஸும் சிலவேளை முகத்தைச் சுளிப்பார். இன்றைக்கும் மிஸ்ஸின் அறை வாசலில் நின்று, சொல்லப்போவதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேலிக்கு அங்காலிருந்து ஆராவது தண்ணீர் கேட்டால், அது தரக்கூடாத தண்ணீரென்றால், அதைக் கேட்ட அன்றைக்கே சொல்லுங்கள். நான் அதை ஏழு கிழமையும் பதினொரு நாளும் பிந்திச் சொன்னேன். அந்த மூன்று வரிசையில் இன்னும் ஒன்றும் நடவில்லை.