ஃபிரிஸ்கோவில் ஒரு மஞ்சள் தொப்பி

ஜப்பானுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாரும் செர்ரிப் பூவைப் பற்றியும் புல்லட் ரயிலைப் பற்றியும்தான் பேசுவார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் டெக்சாஸிலிருந்து பறந்து போய் டோக்கியோவில் இறங்கிய மறுநாள் காலை, வாடகைக்கு எடுத்த வீட்டின் ஜன்னலுக்குக் கீழே ஒன்றைப் பார்த்தேன் பாருங்கள், அதற்கப்புறம் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு சின்னப் பெண். ஆறு வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். தலையில் மஞ்சள் தொப்பி, முதுகில் அவள் முதுகை விடப் பெரிய பை. தனியாக நடந்து போகிறாள்! அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தெரு முனைக்கு வந்தாள், ஒரு கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினாள். வந்துகொண்டிருந்த லாரி நின்றது. ரோட்டைக் கடந்தாள், அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று, லாரிக்காரருக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க, சீக்கிரம் வாங்க!" என்று நான் போட்ட கத்தலில் என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். ஒன்பது வயதாகும் எங்கள் மகளும் எழுந்து வந்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள். அதற்குள் இன்னும் பல பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சிலர் வரிசையாக, முன்னால் ஒரு பெரிய பையனை விட்டு. சிலர் தனியாக. மஞ்சள் தொப்பி போட்டிருப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாம், பிறகு தெரிந்துகொண்டேன். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 'இது புதுசு, பார்த்து ஓட்டு' என்று சொல்வதற்காக அந்த நிறமாம்.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் சும்மா இருக்கத் தெரியாது. கீழ்வீட்டில் ஓர் அம்மா இருந்தார், அவருக்கு இரண்டு பிள்ளைகள். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பாவம், பொறுமையாகச் சொன்னார். பையின் பட்டையில் தொங்குவது பொம்மை இல்லை, இழுத்தால் ஊரே கேட்கும்படி அலறும் மணி. முனைகளில் மஞ்சள் கொடியோடு நிற்பவர்கள் போலீஸ் இல்லை, அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் தாத்தாக்கள். சில வீட்டுக் கதவிலும் கடைக் கண்ணாடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பயந்துபோன பிள்ளை அங்கே ஓடி நுழையலாம் என்று அர்த்தம். சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும். பூகம்பத்துக்கு எச்சரிக்கை கொடுக்க வைத்த ஒலிபெருக்கிதான் அது. தினமும் அதில் பாட்டுப் போட்டால், வேலை செய்கிறதா என்று சோதித்த மாதிரியும் ஆச்சு, விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்ன மாதிரியும் ஆச்சு. என்ன மூளை பாருங்கள்!

இன்னொன்றும் அவரிடம்தான் தெரிந்தது. அங்கே பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தேகிமாஸ்' என்கிறார்கள். அதற்கு அர்த்தம் 'போயிட்டு வரேன்'. வீட்டில் இருப்பவர்கள் பதிலுக்குச் சொல்வது 'போயிட்டு வா'. அட, அப்படியே நம் வீடு! என் மகளிடம் 'போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு' என்று வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். 'பை மா' என்பதைத் தவிர ஒரு வார்த்தை வராது. ஜப்பான்காரப் பிள்ளை சொன்னதும் மறுநாளே பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் இத்தேகிமாஸ், இத்தேகிமாஸ் என்று உயிரை வாங்கினாள்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். தெருவில் குப்பைத்தொட்டியே கிடையாது, நான் ஒரு வாழைப்பழத் தோலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கோவில் கோவிலாகச் சுற்றினேன். ரயிலில் யாரும் போன் பேச மாட்டார்கள். என் கணவர் ஆபீஸிலிருந்து வந்த போனை எடுத்து 'ஹலோ' என்றதும் பெட்டியே தலையைக் குனிந்துகொண்டது, அவருக்காக அவர்கள் வெட்கப்பட்ட மாதிரி. கடையில் காசைக் கையில் நீட்டக் கூடாது, அதற்கென்று ஒரு தட்டு வைத்திருப்பார்கள், அதில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

திரும்பி வரும் விமானத்தில், டோக்கியோவில் வாங்கிய மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகள் சொன்னாள். "அம்மா, ஐ வான்ட் டு வாக் டு ஸ்கூல். அலோன்."

"சரி, தூங்கு" என்றேன். தூக்கக் கலக்கம், மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. டெக்சாஸில் எங்கள் ஊரான ஃபிரிஸ்கோவுக்கு வந்து சேர்ந்து, வேலையும் பள்ளியும் தொடங்கிய பிறகும் ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் வீட்டிலிருந்து அவள் பள்ளி நடக்கிற தூரம்தான், ஒரே ஒரு பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும், அங்கேயும் கையில் 'ஸ்டாப்' பலகையோடு ஆள் நிற்பார். ஆனாலும் நாங்கள் தினமும் காரில்தான் போவோம். நடந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கலாம், அந்தக் கார் வரிசையில் அதைவிட அதிக நேரம் நிற்போம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

"அனுப்பித்தான் பாரேன்" என்றார் என் கணவர். "நான் மூணாங்கிளாஸ்லயே டவுன் பஸ்ல ஃபுட்போர்டு அடிச்சுட்டுப் போனவன்."

"ஆமா, பெரிய வீரர். அது ஈரோடு. இங்க ஒருத்தன் போன் பண்ணி, பெத்தவங்க புள்ளைய ரோட்ல விட்டுட்டாங்கன்னு போலீஸ கூப்பிட்டான்னா நீங்க பதில் சொல்வீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனால் அன்றைக்குக் கத்தியது கோபம் இல்லை, பயம். ஒரே பெண். அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது, அதுதான் உண்மை.

அவளோ விடுவதாக இல்லை. கார் வரிசையில் நிற்கும்போதெல்லாம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக நடைபாதையையே பார்ப்பாள். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். பள்ளி அலுவலகத்தில் கேட்டேன், நடந்து வரும் பிள்ளை என்று சொல்லிவைத்தால் போதும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியை நடந்து பார்த்தேன். வழி நெடுக ஒரு மனுஷ வாடை இல்லை. மூடிய கராஜ் கதவுகள், ஆள் உயர வேலி, வெட்டின புல், அவ்வளவுதான்.

"யூ சீ, அம்மா? நோபடி. இட்ஸ் சேஃப்" என்றாள் அவள்.

"அதுதான்டி எனக்கு பயமே" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. டோக்கியோவில் பிள்ளைகள் தைரியமாக நடந்தது பிள்ளைகளால் இல்லை. தெருவால். கொடித் தாத்தாவும் கதவு ஸ்டிக்கரும் சாயங்காலப் பாட்டும் சேர்ந்துதான் அவர்களை நடத்திக் கூட்டிப் போகின்றன. எங்கள் தெருவில் அது இல்லை. இல்லையென்றால் உண்டாக்கினால் என்ன? எனக்கு ஒரே பரபரப்பு. ஞாயிற்றுக்கிழமை மகளை அவள் அப்பாவோடு நீச்சலுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

இங்கே அழைக்காமல் ஒருவர் வீட்டு மணியை அடித்தால் சோலார் பேனல் விற்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். வாசலில் அமெரிக்கக் கொடி கட்டிய வீட்டில், கதவு திறக்கவில்லை, மணியில் இருந்த கேமரா பேசியது. எதுவும் வேண்டாம் என்றது ஒரு முரட்டுக் குரல். நான் அந்தப் பொத்தானுக்குள் வாயை வைத்து, "சார், நான் எதையும் விற்கவில்லை, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்!" என்று ஆங்கிலத்தில் அலறினேன். கதவு திறந்தது. ஆறு வருடமாக நான் காரில் கடந்து போகும் வீடு, அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். எழுபது வயதிருக்கும், கௌபாய் தொப்பி. மஞ்சள் தொப்பிக் கதையை முழுசாகக் கேட்டார். அவள் போகிற நேரத்தில் வாசலில் நின்று புல்லுக்குத் தண்ணீர் பிடிக்கிறேன் என்றார். அன்றுவரை அவர் புல்லுக்குத் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்தான் இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும்.

தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு காலையில் நடக்கும் வியட்நாம் பெண்ணிடம் சொன்னேன். கடைசியாக முனை வீட்டுத் தமிழ் ஆன்ட்டி. அங்கேதான் மாட்டினேன்.

"உனக்கென்ன பைத்தியமா? ஊர் கெட்டுக் கெடக்கு, பொம்பளப் புள்ளைய தனியா அனுப்பறேங்கிற?"

"தனியா இல்ல ஆன்ட்டி, அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். "எத்தன மணிக்குப் போவா?" என்று கேட்டார். "அப்ப காபிய எடுத்துட்டு வாசல்லயே உக்காந்துக்கறேன். அவ போனதும் உனக்கு மெசேஜ் பண்றேன். ஆனா நான் சொன்னது சொன்னதுதான், இதெல்லாம் தேவையில்லாத வேல."

திங்கட்கிழமை வந்தது. தொப்பியை மாட்டினாள், ஷூ நாடாவை இரண்டு முறை கட்டினாள், கிளம்பினாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் மாடிக்கு ஓடி ஜன்னலில் நின்றேன். மஞ்சள் தொப்பி வளைவு வரைக்கும் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. சாமி படத்தைப் பார்ப்பதா போனைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றபோது ஆன்ட்டியின் மெசேஜ் வந்தது. 'தாண்டிட்டா. கை காட்டினேன், பாக்காத மாதிரி போறா. உன் திமிர் அப்படியே இருக்கு.' நான் சத்தமாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முனையைத் தாண்டிவிட்டாள் என் பெண்!

மாலையில் அதே சிரிப்போடு ஓடி வருவாள் என்று கதவருகிலேயே நின்றேன். வந்தாள். முகம் சிவந்திருந்தது, தொப்பி கையில் இருந்தது.

"அம்மா! யூ டோல்ட் எவ்ரிபடி!"

கொடி வீட்டுத் தாத்தா சல்யூட் அடித்தாராம், இவளையே பார்த்துக்கொண்டு குழாயைப் பிடித்ததில் இவள் ஷூ நனைந்துவிட்டதாம். தள்ளுவண்டிப் பெண் பள்ளி கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தாளாம். முனை வீட்டு ஆன்ட்டி திரும்பி வரும்போது நிறுத்தி முறுக்குக் கொடுத்தாராம். "தட்ஸ் நாட் அலோன்!" என்று காலைத் தரையில் உதைத்தாள்.

"ஏன்டி, டோக்கியோல மட்டும் அந்தப் புள்ளைங்க தனியாவா போச்சு? கொடியோட நின்ன தாத்தா யாரு? அந்த ஸ்டிக்கர் யாருக்கு? ஊரே பாத்துட்டுத்தான்டி இருந்துச்சு!"

யோசித்தாள். முறுக்கு ஒன்றைக் கடித்தபடி சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

"ஓகே," என்றாள் கடைசியில். "தே கேன் வாட்ச். பட் நாட் யூ."

"என்னது? பெத்தவ நான் பாக்கக் கூடாதா?"

அவள் வளைவில் திரும்பிப் பார்த்தபோது மாடி ஜன்னலில் நான் தெரிந்தேனாம். டோக்கியோவில் கீழ்வீட்டு அம்மா தன் பிள்ளைகளை அனுப்பும்போது, பிள்ளைகள் கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே கதவைச் சாத்திவிடுவாராம். தினமும் ஜன்னலில் நின்று அதை இவள் பார்த்திருக்கிறாள். நானும் அதே ஜன்னலில்தான் நின்றேன், தொப்பியையும் லாரியையும்தான் பார்த்தேன். "ஷி க்ளோஸ்ட் தி டோர், அம்மா" என்றாள்.



செவ்வாய்க்கிழமை காலை வாசலுக்கு வெளியே போய், தொப்பியோடு என்னைப் பார்த்து நின்றாள். நகரவில்லை. எதற்கு நிற்கிறாள் என்று எனக்கும் தெரியும். நான் கதவைச் சாத்தினேன். உடனே காலடிச் சத்தம் கேட்கவில்லை. திறக்கிறேனா என்று அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள், இந்தப் பக்கம் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் நடக்க ஆரம்பித்தாள்.